நகருக்குள் எஞ்சிய குறுங்காடு: ஏன் காக்க வேண்டும், எப்படிக் காப்பது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இது: சிட்னியின் மேற்குப் புறநகர் ஒன்றில் வீடு வாங்கியிருக்கிறீர்கள். பின்வேலிக்கு அப்பால் ஐந்தாறு ஏக்கர் நிலம் புதர் மண்டிக் கிடக்கிறது. எதையும் வெட்டக் கூடாது என்று கவுன்சில் பலகை நட்டிருக்கிறது. பார்க்க அழகாக இல்லை, கோடையில் தீப்பிடிக்குமோ என்ற அச்சம் வேறு. வீட்டுத் தட்டுப்பாடு இவ்வளவு உள்ள ஊரில் இதை ஏன் விட்டுவைக்க வேண்டும், வேறிடத்தில் இரு மடங்கு மரம் நட்டால் போதாதா, காக்கத்தான் வேண்டுமென்றால் பக்கத்தில் குடியிருப்பவர் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்த நிலம் என்னவென்று பார்ப்போம். ஆஸ்திரேலியர்கள் 'புஷ்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவது, ஐரோப்பியர் வந்து குடியேறுவதற்கு முன்பிருந்த தாவரக் கூட்டம் முழுதும் அழிக்கப்படாமல் இன்னும் நிற்கும் நிலத்தை. நான் அதைக் குறுங்காடு என்கிறேன். ஆனால் அது புல்வெளியாகவோ கடலோர மணற்புதராகவோ கூட இருக்கலாம். உங்கள் வேலிக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் கம்பர்லேண்ட் சமவெளியின் திறந்த காடாக இருக்கும். கிரே பாக்ஸ், ஃபாரஸ்ட் ரெட் கம் முதலிய யூகலிப்டஸ் மரங்கள் இடைவெளி விட்டு நிற்கும். அவற்றின் அடியில், கோடையில் வெள்ளையாகப் பூக்கும் பர்சேரியா என்னும் முட்செடி. அதற்கும் கீழே கங்காரு புல்லும், வசந்தத்தில் சில வாரங்கள் மட்டும் தலைகாட்டும் அல்லிகளும் ஆர்க்கிட்களும். வரி விளையாத நிலத்தைப் புறம்போக்கு என்று கணக்கில் எழுதி, பின்பு அந்தச் சொல்லையே வசையாக்கிக்கொண்டது நம் மொழி. ஆகவே இதைக் கண்டதும் சும்மா கிடக்கும் மனை என்று நமக்குத் தோன்றுவதில் வியப்பில்லை.

இந்தக் காடு ஒரு காலத்தில் மேற்கு சிட்னியின் களிமண் நிலம் முழுவதும் பரவியிருந்தது. இன்று அதில் பத்தில் ஒரு பங்கும் மிச்சமில்லை. மிஞ்சியிருப்பதும் நூற்றுக்கணக்கான துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. 2009 இல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் இதை மிக அருகிவிட்ட சூழல் சமூகமாக, அதாவது சேர்ந்து வாழும் உயிரினக் கூட்டமாக, அறிவித்தார்கள். சிட்னியைச் சுற்றித்தான் இத்தனை தேசியப் பூங்காக்கள் இருக்கின்றனவே, அவை போதாவா என்று பலர் கேட்பதுண்டு. ராயல், குரிங்காய் சேஸ், நீலமலைகள் ஆகிய மூன்றும் பெருமளவு மணற்பாறை மீது அமைந்தவை. உழவுக்கும் மனைக்கும் உதவாத கரடுமுரடான நிலம் என்பதாலேயே தப்பியவை. உழவுக்கு ஏற்ற களிமண்ணும், வீடு கட்ட எளிதான மணல்மேடும் முன்பே பறிபோய்விட்டன. ஆகவே பூங்காவில் உள்ள காடு வேறு, உங்கள் வேலிக்குப் பின்னால் உள்ள காடு வேறு. வட சிட்னியின் உயர்ந்த புளூ கம் காட்டில் 5 சதவீதத்துக்கும் குறைவாகவே எஞ்சியிருக்கிறது. நார்த் ஹெட் முதல் பாட்டனி விரிகுடா வரை சுமார் 5,300 ஹெக்டேரில் பரந்திருந்த, பேங்க்சியா என்னும் உள்ளூர்ச் செடி நிறைந்த மணற்புதரில் 3 சதவீதம்கூட இல்லை. நகரம் எங்கே நின்றதோ அங்கேயே இவையும் நின்றன என்பதால், நகருக்கு வெளியே போய் இவற்றைக் காப்பாற்ற வழியே கிடையாது.

தேசிய அளவில் அருகிவரும் உயிரினங்களில் ஏறத்தாழ 30 சதவீதம் ஆஸ்திரேலிய நகரங்களுக்குள் வாழ்கின்றன என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றுள் 39 இனங்களுக்கு நகரத்தை விட்டால் வேறு இடமே இல்லை. சிட்னித் துறைமுகத்தை ஒட்டிய வாக்ளூஸ் பகுதியில், பல்லாயிரம் பேர் நடந்து போகும் நீல்சன் பார்க்கில், 1986 வரை எவரும் தனி இனம் என்று கண்டுகொள்ளாத ஒரு சவுக்கு இனம் இருந்தது. கண்டுபிடித்தபோது பத்தே செடிகள். அந்த மூலச் செடிகள் இப்போது உயிருடன் இல்லை. அவற்றின் விதையிலிருந்தும் போத்திலிருந்தும் வளர்த்து நடப்பட்டவைதான் அந்த இனத்தைத் தாங்கி நிற்கின்றன. ஒரு பூங்காவின் மூலையைச் 'சுத்தம்' செய்யும் வேலை ஓர் இனத்தின் முடிவாகிவிடக்கூடும் என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டாம்.

இனி, வேறிடத்தில் நட்டால் போதாதா என்ற கேள்வி. இதைக் கேட்பவர்கள் மரத்தை மட்டும் எண்ணுகிறார்கள். கம்பர்லேண்ட் காட்டில் உள்ள தாவர இனங்களில் மரங்கள் மிகச் சிறு பங்கு. பெரும்பங்கு முழங்காலுக்குக் கீழே இருப்பவை, அவற்றிலும் பல ஆண்டின் பெரும்பகுதி கிழங்காகவோ விதையாகவோ மண்ணுக்குள் கிடப்பவை. ஆர்க்கிட் விதைக்குள் உணவுச் சேமிப்பே கிடையாது. குறிப்பிட்ட ஒரு பூஞ்சை மண்ணில் இருந்தால்தான் அது முளைக்கும். பட்டை உதிர்ந்து குவிந்த மரத்தடியில் கம்பர்லேண்ட் சமவெளி நத்தை என்ற அருகிவரும் உயிரினம் பூஞ்சையைத் தின்று வாழ்கிறது; சருகை வாரினால் அதுவும் போயிற்று. பல யூகலிப்டஸ் மரங்களில் பறவையோ, பாஸம் (possum) என்னும் சிறு மரவிலங்கோ குடியிருக்கத்தக்க பொந்து விழ நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பெர்த்தில் உள்ள கிங்ஸ் பார்க் ஆய்வாளர்களும் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தினரும் 2004 இல், காட்டுத்தீப் புகையில் உள்ள எந்த வேதிப்பொருள் விதைகளை எழுப்புகிறது என்று கண்டறிந்தார்கள். முளைக்க மறுக்கும் பல செடிகளை எழுப்ப அந்த அறிவு உதவுகிறது. அப்படியிருந்தும், முழுக் காடு ஒன்றை வெறும் நிலத்தில் மறுபடி ஆக்கிக் காட்டியவர் எவருமில்லை. நட்டு உண்டாக்குவது தோப்பு. அதற்கும் பயன் உண்டு, ஆனால் அது இதற்கு ஈடு ஆகாது. நடுவதெல்லாம் நன்மை என்று நம்புபவர்களுக்கு நியூ சவுத் வேல்ஸ் கடற்கரை ஒரு பாடம் வைத்திருக்கிறது: மணல் அரிப்பைத் தடுக்க 1946 முதல் 1968 வரை அரசே நட்ட தென்னாப்பிரிக்க பீட்டூ புதர், இன்று அதே அரசு பெருஞ்செலவில் ஒழிக்கப் போராடும் களை.

ஈடு என்ற ஏற்பாடு எப்படிப் போகும் என்பதற்கு மெல்போர்னைப் பாருங்கள். நகரின் மேற்கே எரிமலைப் பாறைச் சமவெளியில் இருந்த இயற்கைப் புல்வெளி 2008 இல் மிக அருகியதாக அறிவிக்கப்பட்டது. புதிய புறநகர்களுக்காக அதன் துண்டுகளை அழிக்க அனுமதி கொடுத்து, அதற்கு மாற்றாக நகருக்கு வெளியே 15,000 ஹெக்டேர் புல்வெளிக் காப்பகத்தை 2020 க்குள் நிலம் வாங்கி அமைப்போம் என்று மாநில அரசு உறுதி கூறியது. 2020 இல் விக்டோரியாவின் தலைமைத் தணிக்கையாளர் ஆராய்ந்தபோது, அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் வாங்கப்பட்டிருந்தது. வாங்கப்படாமல் காத்திருந்த நிலம் களை ஏறித் தரம் குறைந்துகொண்டிருந்தது. அழிப்பு உடனே நடக்கும், ஈடு மெல்ல வரும்; இடைப்பட்ட ஆண்டுகளில் ஈடாகக் காட்டிய நிலமே கெட்டுப்போகும். இதில் இன்னொரு துயரமும் உண்டு. மரம் இல்லாத நிலம் என்பதால் புல்வெளிக்காகக் குரல் கொடுப்பவர்கள் எப்போதும் குறைவு. மரத்தைக் கட்டிப்பிடித்துப் படம் எடுக்கலாம், புல்லை அப்படிச் செய்ய முடியாது.

காத்த வரலாறும் இந்நாட்டில் நீளமானது. 1971 இல் சிட்னியின் ஹன்டர்ஸ் ஹில் பகுதியில், ஆற்றோரம் ஏறத்தாழ 5 ஹெக்டேரே இருந்த கெல்லீஸ் புஷ் என்ற குறுங்காட்டில் ஒரு கட்டுமான நிறுவனம் வீடுகள் கட்டத் திட்டமிட்டபோது, அக்கம்பக்கத்துப் பெண்கள் 13 பேர் எதிர்த்து நின்றார்கள். மனுக்கள் பயன்படாதபோது கட்டடத் தொழிலாளர் சங்கத்தை நாடினார்கள். ஜாக் மண்டே செயலாளராக இருந்த அந்தச் சங்கம், அங்கே எந்தத் தொழிலாளியும் வேலை செய்ய மாட்டார் என்று அறிவித்தது. ஒரு மரம் சாய்ந்தாலும் அதே நிறுவனத்தின் வேறொரு கட்டடம் என்றென்றும் பாதியில் நிற்கும் என்று அந்தக் கட்டடத்தில் வேலை செய்த தொழிலாளர்கள் எச்சரித்தார்கள். உலகின் முதல் 'பசுமைத் தடை' என்று வழங்கப்படுவது இதுதான். வசதி படைத்த பகுதிப் பெண்களும் இடதுசாரித் தொழிற்சங்கமும் கைகோத்தது அப்போது பலருக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். 1983 இல் மாநில அரசு அந்த நிலத்தைப் பொதுவுடைமையாக்கியது.

அதன்பின் சட்டங்கள் வந்தன. நியூ சவுத் வேல்ஸ் 1986 இல் நகர்ப்புறக் குறுங்காடுகளுக்கென்றே ஒரு திட்டமிடல் கொள்கையை இயற்றியது; பிற்பாடு அது 2021 ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பாதுகாப்புக் கொள்கைக்குள் சேர்க்கப்பட்டது. அதில் நான் மிகவும் மதிக்கும் கூறு, காட்டுக்குள் நடப்பதை மட்டும் பேசாமல், அதை ஒட்டிய நிலத்தில் கட்டும்போது மண்ணரிப்பும் வண்டலும் களையும் காட்டுக்குள் போகுமா என்று பார்க்கச் சொன்னது. பிரிஸ்பேன் மாநகராட்சி வேறு வழியில் சென்றது: வீட்டு வரியோடு சேர்த்து ஒரு குறுங்காட்டு வரியை 1990 களிலிருந்து வாங்கி, அந்தப் பணத்தில் நிலங்களை விலைக்கே வாங்கிவிடுகிறது. பெர்த்தில் 2000 ஆவது ஆண்டில் 'புஷ் ஃபாரெவர்' என்ற திட்டம் 287 இடங்களில் சுமார் 51,200 ஹெக்டேரைக் காக்க வேண்டியதாகக் குறித்தது. ஆனால் குறிப்பது வேறு, காப்பது வேறு. 2016 டிசம்பரில் அதே பெர்த்தில் ரோ 8 நெடுஞ்சாலைக்காக பீலியார் ஈரநிலங்களை ஒட்டிய பேங்க்சியா காட்டில் புல்டோசர்கள் இறங்கின. எதிர்ப்பாளர்கள் திரண்டும் வேலை நிற்கவில்லை. 2017 மார்ச் தேர்தலில் ஆட்சி மாறியபோதுதான் நின்றது. வெட்டிய தடத்தை மீட்கப் பத்தாண்டுத் திட்டம் போட வேண்டியிருந்தது.

இவ்வளவும் புல்டோசரைப் பற்றியது. உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் வேறிடத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். சட்டம் நிறுத்துவது உடனடிச் சாவை. இந்தத் துண்டுகள் பெரும்பாலும் மெல்ல மெல்லச் சாகின்றன, அந்தச் சாவு எப்போதும் ஓரத்திலிருந்து தொடங்குகிறது. ஓரம் என்பது உங்கள் வேலி.

ஆஸ்திரேலியாவின் பழைய மண்ணில், குறிப்பாகச் சிட்னியின் மணற்பாறை மண்ணில், பாஸ்பரஸ் மிகமிகக் குறைவு. பேங்க்சியா, கிரெவில்லியா முதலியவை கொத்துக்கொத்தாக நுண்வேர் விட்டு, இல்லாத ஒன்றை இழுத்துக் குடிக்கப் பழகியவை. அதிகமாகக் கொடுத்தால் அதுவே அவற்றுக்கு நஞ்சு. தெருவிலும் கூரையிலும் விழும் மழைநீர் புல்தரை உரத்தையும் நாயின் கழிவையும் சோப்பு நீரையும் சேர்த்துக்கொண்டு குழாய் வழியே காட்டின் தலைமாட்டில் கொட்டுகிறது. கொட்டும் இடத்திலிருந்து பள்ளம்வரை உள்ளூர்ச் செடி பட்டுப்போய், பிரிவெட்டும் லன்டானாவும் டிராடஸ்கான்ஷியாவும் பச்சைப் பாய் விரிப்பதை எந்தப் புறநகரிலும் காணலாம். களைகளை மட்டும் பிடுங்கிவிட்டு அந்தக் குழாயை அப்படியே விட்டால், அடுத்த ஆண்டும் பிடுங்க வேண்டியதுதான். தோட்டத்துக் கழிவை வேலிக்கு மேல் வீசுவது இன்னும் மோசம். மட்கும் பொருள்தானே என்ற நினைப்பில் விதையையும் கிழங்கையும் உரத்தையும் ஒருசேர அனுப்பிவைக்கிறோம். உங்கள் களிமண் பகுதியில் பெரும்பகை ஆப்பிரிக்க ஆலிவ். வேலிக்காகவும் ஒட்டுக்கட்டும் அடிமரமாகவும் கொண்டுவரப்பட்ட அது, பறவைகள் தின்று எச்சமிட்டுப் பரவி, தன் இருண்ட நிழலில் வேறொன்றும் முளைக்காதபடி செய்துவிடுகிறது.

ஓரத்தால் வரும் கேடு செடியோடு நிற்பதில்லை. நாய்சி மைனர் என்ற தேனுண்ணிப் பறவை ஆஸ்திரேலியாவுக்கே உரியது. நம் மைனாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். திறந்த ஓரமும் கீழ்ப்புதர் அற்ற மரமும் அதற்கு மிகப் பிடித்தவை. கூட்டமாகச் சேர்ந்து சிறு பறவைகளை எல்லாம் விரட்டிவிடும். பூச்சி தின்னும் சிறு பறவைகள் போனால் மரத்தில் பூச்சி பெருகும். 2014 இல் மத்திய அரசு இந்தப் பறவையின் அடாவடியையே ஓர் அச்சுறுத்தும் நிகழ்வாகப் பட்டியலிட்டது. ஆண்டு முழுவதும் தேன் சொரியும் கலப்பினக் கிரெவில்லியாக்களை நல்ல எண்ணத்தோடு தோட்டத்தில் வைப்பவர்கள் அறியாமல் இதற்கே விருந்து வைக்கிறார்கள். உங்கள் கண்ணுக்கு அழகற்றதாகத் தெரியும் அந்த பர்சேரியா முட்புதர்தான் சிறு பறவைகளுக்கு இருக்கும் ஒரே கோட்டை.

மீட்கும் கலையைக் கற்பித்தவர்கள் சிட்னியின் மோஸ்மன் பகுதியில் வாழ்ந்த சகோதரிகள், ஜோன் பிராட்லியும் ஐலீன் பிராட்லியும். தம் வீட்டருகே இருந்த ஆஷ்டன் பார்க்கில், களை மண்டிய இடத்தை ஊழியர்கள் மொத்தமாக வெட்டிச் சாய்ப்பதையும், சில மாதங்களில் அதே களை இரட்டிப்பாக எழுவதையும் கவனித்தார்கள். 1960 களில் அவர்கள் வகுத்த முறை மூன்றே கூறுகளில் அடங்கும். மிக நன்றாக உள்ள இடத்தில் தொடங்கி, கெட்டுப்போன இடத்தை நோக்கி நகர வேண்டும். மண்ணைக் கிளறாமல் களையை எடுத்து, சருகை இருந்தபடியே பரப்பிவிட வேண்டும். உள்ளூர்ச் செடி முளைத்து இடத்தை நிரப்பும் வேகத்துக்கு மேல் களையெடுக்கவே கூடாது. கடைசிக் கூறுதான் எல்லோரும் மீறுவது. ஆர்வத்தில் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கால் ஏக்கர் பிரிவெட்டை அழித்துவிடுவார்கள். வெளிச்சம் பாய்ந்ததும் களைவிதை முந்திக்கொள்ளும், அந்தப் புதருக்குள் கூடு கட்டியிருந்த நீலக் குருவிகளும் ஓடிவிடும். இன்று ரசாயனத்தையும் அளவோடு பயன்படுத்துகிறார்கள், சகோதரிகளின் நிதானத்தை முழுவதும் ஏற்காதவர்களும் உண்டு. ஆயினும் கவுன்சில்கள் நடத்தும் புஷ்கேர் என்னும் தன்னார்வக் காடு மீட்புக் குழுக்களின் அடிப்படை இன்றும் அதுதான். நாற்று நடுவது அங்கே கடைசி வழி. மண்ணுக்குள் உறங்கும் விதை முற்றிலும் தீர்ந்துவிட்டது என்று உறுதியான பின்பே அதற்குப் போவார்கள்.

தீயைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது, ஆனால் அதற்கு விடை காட்டை அழிப்பதல்ல. இப்பகுதியின் பழங்குடியினரான தருக் மக்கள் இச்சமவெளியைத் தலைமுறை தலைமுறையாக அளவறிந்து எரித்துவந்தவர்கள். தீயே படாமல் பல ஆண்டுகள் கிடந்தால் பர்சேரியா அடர்ந்து புல்லையும் அல்லியையும் மூடிவிடுகிறது. மணற்பாறைப் புதர்க்காட்டுக்கு 7 முதல் 30 ஆண்டு இடைவெளியில் ஒரு தீ ஏற்றதென்று கொள்கிறார்கள். அதைவிட அடிக்கடி எரிந்தால், விதை கட்டும் வயதை எட்டுமுன்பே பேங்க்சியா கருகி அற்றுப்போகும். நார்த் ஹெட்டில் எரித்து, முயல் நுழையாதபடி வேலியிட்ட இடங்களில், மேலே காணாமலே போயிருந்த செடிகள் மண்ணிலிருந்து எழுந்து வந்தன. எரிப்பது தீயணைப்புத் துறையும் கவுன்சிலும் செய்யும் வேலை. உங்கள் வேலை வீட்டைக் காப்பது. பெரும்பாலான வீடுகள் காற்றில் பறந்துவரும் கங்கினால் பற்றுகின்றன, ஆகவே கூரை வடிகாலில் சருகு சேராமலும், சுவரோரம் விறகு அடுக்காமலும் இருப்பதற்கு ஈடு எதுவுமில்லை. 2014 ஆகஸ்ட் முதல் நடப்பில் உள்ள 10/50 விதியின்படி, குறிக்கப்பட்ட தீ அபாயப் பகுதிகளில் வீட்டிலிருந்து 10 மீட்டருக்குள் உள்ள மரங்களையும் 50 மீட்டருக்குள் உள்ள மற்றச் செடிகளையும் அனுமதியின்றி நீக்கலாம். ஆனால் உங்கள் முகவரி அந்தப் பகுதிக்குள் வருகிறதா என்று ஒவ்வொரு முறையும் அரசு இணையக் கருவியில் பார்த்தாக வேண்டும். விதி உங்கள் நிலத்துக்குத்தான். வேலிக்கு அப்பால் உள்ள கவுன்சில் நிலத்தில், நிலத்துக்குரியவரின் ஒப்புதல் இல்லாமல் ஒரு கிளையையும் தொட முடியாது.

நீங்கள் இந்த மாதமே செய்யக்கூடியவை சில உண்டு. கூரைநீரும் துணி துவைக்கும் நீரும் பின்வேலிப் பக்கம் போகிறதா என்று பார்த்து, முடிந்தால் தொட்டிக்குத் திருப்புங்கள். பூனை வளர்ப்பவரானால் அதை வீட்டுக்குள்ளோ வலைக்கூண்டுக்குள்ளோ வைத்துக்கொள்ளுங்கள். வேலியை ஒட்டிப் புல்தரை விரிக்காமல், அந்தக் காட்டிலுள்ள இனங்களையே அப்பகுதி விதையிலிருந்து வளர்க்கும் நாற்றுப்பண்ணையில் கேட்டு வாங்கி வையுங்கள். பல கவுன்சில்கள் குடியிருப்பவர்களுக்கு அவற்றைக் கொடுக்கின்றன. உங்கள் பகுதிப் புஷ்கேர் குழு மாதம் ஒரு காலை கூடும், அனுபவம் தேவையில்லை. களையெடுக்கக் கை துறுதுறுத்தாலும் முதல் சில முறை அவர்களோடு நின்று செடிகளின் பெயரைக் கற்றுக்கொள்வது நல்லது. ஏனென்றால் ஆப்பிரிக்க ஆலிவுக்கு உருவத்தில் நெருங்கிய உள்ளூர் உறவு ஒன்று, நோட்டலியா, அதே புதருக்குள் நிற்கும். ஆப்பிரிக்க ஆலிவ் இலையின் மேற்புறம் பளபளப்பாகவும், அடிப்புறம் மஞ்சள் கலந்த பழுப்பாகவும், நுனி சிறு கொக்கிபோல் வளைந்தும் இருக்கும். ஐயம் வந்தால் பிடுங்காமல் ஒரு கிளையைப் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.